கண்ணாடியில் ஒட்டிய விலை ஒரு வாக்கு

அமெரிக்காவில் விற்பனைக்கு நிற்கும் ஒவ்வொரு புதிய காரின் கண்ணாடியிலும் ஒரு விலைத்தாள் ஒட்டியிருக்கும். அடிப்படை விலை எவ்வளவு, கூடுதல் வசதிகளுக்கு எவ்வளவு, ஆலையிலிருந்து கொண்டுவரும் செலவு எவ்வளவு, மொத்தம் எவ்வளவு என்று வரிவரியாக அதில் அச்சாகியிருக்கும். 1958-இல் ஓக்லஹோமா மாநிலத்தைச் சேர்ந்த செனட்டர் மைக் மன்ரோனி முன்னின்று நிறைவேற்றிய சட்டத்தால் வந்தது அந்தத் தாள். இன்றும் அவர் பெயரால்தான் அது அழைக்கப்படுகிறது. அதற்கு முன்பு டீலர் வாயில் வந்ததே விலை. அந்த இருட்டை நீக்கிய சட்டம் ஒன்றை மட்டும் செய்யாமல் விட்டது. தாளில் உள்ள விலை தயாரிப்பாளரின் பரிந்துரை மட்டுமே. அதற்கு மேல் விற்கக் கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. நம் ஊரில் பிஸ்கட் பொட்டலத்தில் அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலைக்கு மேல் ஒரு ரூபாய் வாங்கினாலும் புகார் கொடுக்கலாம். அமெரிக்கக் காரின் விலைத்தாளுக்கு அந்தப் பலம் கிடையாது. அதனால் பலரும் ஏங்கிக் காத்திருக்கும் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் ஷோரூமுக்கு வந்ததும் அந்தத் தாளுக்குப் பக்கத்தில் டீலர் இரண்டாவது தாள் ஒன்றை ஒட்டுகிறார். ‘மார்க்கெட் அட்ஜஸ்ட்மென்ட்’ என்ற தலைப்பில் பத்தாயிரம், இருபதாயிரம் டாலர், சில சமயம் அதற்கும் மேல் அதில் இருக்கும். இந்த இரண்டாவது தாள் சட்டப்படி குற்றமல்ல. ஆனால் பல ஆண்டுகள் உழைத்துச் சேர்த்த வாடிக்கையாளரின் நம்பிக்கையை ஒரே நாளில் காசாக்கிச் செலவழிப்பதற்கு அதுவே ரசீது. இதைத் தடுக்கும் கருவிகள் கார் நிறுவனங்களின் கையிலேயே இருக்கின்றன. அவற்றைப் பயன்படுத்துவது அந்த நிறுவனங்களின் கடமை என்பதே என் வாதம்.

இது புதிய நோயல்ல. 1989-இல் மஸ்டா நிறுவனம் மியாட்டா என்ற இரண்டு இருக்கைத் திறந்த காரை 13,800 டாலர் விலையில் அமெரிக்காவில் இறக்கியது. எளிய சம்பளக்காரரும் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வைத்துக்கொள்ளலாம் என்பதே அந்தக் காரின் பெருமை. அதற்கே பல டீலர்கள் ஆயிரக்கணக்கான டாலர் கூடுதலாகக் கேட்டார்கள். 2017-இல் ஹோண்டா சிவிக் டைப் ஆர் 33,900 டாலருக்கு அறிவிக்கப்பட்டபோது அதே கதை. 60,000 டாலருக்குச் சற்றுக் குறைவாகத் தொடங்கிய 2020-ஆம் ஆண்டு கார்வெட், அதன் பின் வந்த கார்வெட் இசட்06, டொயோட்டாவின் ஜிஆர் கொரோலா என்று பட்டியல் நீள்கிறது. 2021-இலும் 2022-இலும் சில்லுத் தட்டுப்பாட்டால் கார் உற்பத்தி சுருங்கியபோது இந்த வழக்கம் ஸ்போர்ட்ஸ் கார்களைத் தாண்டிச் சாதாரணக் குடும்பக் கார்களுக்கும் பரவியது. கார்ச் சந்தையை ஆராயும் எட்மண்ட்ஸ் நிறுவனத்தின் கணக்குப்படி 2020 ஜனவரியில் பரிந்துரை விலைக்கு மேல் கொடுத்து வாங்கியவர்கள் நூற்றுக்கு 0.3 பேர். 2021 ஜனவரியில் அது 2.8 ஆனது; 2022 ஜனவரியில் 82.2 ஆக எகிறியது. முன்பு கார் பித்தர்கள் மட்டும் பட்ட வலி என்னவென்று அந்த ஆண்டு நாடே தெரிந்துகொண்டது.

பொருள் குறைவு, கேட்பவர் அதிகம், ஆகவே விலை ஏறுகிறது. இதில் நியாயம் அநியாயம் என்று பேச என்ன இருக்கிறது என்று பொருளாதாரப் பாடம் படித்தவர்கள் கேட்பார்கள். இதே கேள்வியை மக்களிடமே கேட்டுப் பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் ஆகிய மூவர் கனடாவில் தொலைபேசி வழியாக எடுத்த கருத்தறிதலின் முடிவுகளை 1986-இல் வெளியிட்டார்கள். கானமனும் தேலரும் பின்னாளில் நோபல் பரிசு பெற்றவர்கள். அவர்கள் கேட்ட கேள்விகளில் ஒன்று கார் டீலரைப் பற்றியது. ஒரு காருக்குத் தட்டுப்பாடு. இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். இதுவரை பட்டியல் விலைக்கு விற்றுவந்த டீலர் இப்போது 200 டாலர் கூட்டி விற்கிறார், இது நியாயமா என்று கேட்டார்கள். நூற்றுக்கு 71 பேர் அநியாயம் என்றார்கள். வேறு சிலரிடம் கேள்வியைச் சற்று மாற்றினார்கள்: இதுவரை 200 டாலர் தள்ளுபடியில் விற்ற டீலர் இப்போது தள்ளுபடியை நிறுத்திப் பட்டியல் விலைக்கே விற்கிறார். இதை 58 பேர் ஏற்றுக்கொண்டார்கள். இரண்டு கேள்வியிலும் வாங்குபவர் கூடுதலாகத் தருவது அதே 200 டாலர்தான். ஆனால் மக்கள் பார்த்தது தொகையை அல்ல, பட்டியல் விலை என்ற கோட்டை. கோட்டுக்குக் கீழே ஏறி இறங்குவதை வியாபாரம் என்று ஏற்றார்கள். கோட்டைத் தாண்டியபோது தங்கள் அவசரத்தைப் பிடித்துக்கொண்டு பணம் பறிப்பதாக உணர்ந்தார்கள்.

டீலர்கள் அடிக்கடி முன்வைக்கும் ஒரு முறையீட்டுக்கு இந்த ஆய்விலேயே விடை இருக்கிறது. கார் விற்காமல் தேங்கியபோது விலையைக் குறைத்துக் கொடுத்தோமே, அப்போது வாங்கியவர் யாரும் அநியாயம் என்று சொல்லவில்லையே, கிராக்கி வந்தபோது கூட்டினால் மட்டும் ஏன் திட்டுகிறார்கள் என்பது அவர்கள் கேள்வி. கேட்பதற்குச் சமநீதி போலத் தோன்றும். ஆனால் அந்தக் கோட்டை வரைந்தவர் வாடிக்கையாளர் அல்லர். தயாரிப்பாளர் வரைந்தார். காரின் அறிமுக விழாவில் அந்த விலையை மேடையில் அறிவித்தார், விளம்பரங்களில் அதையே அச்சிட்டார், மாதக்கணக்கில் அதைச் சொல்லியே ஆசையை வளர்த்தார். அந்த எண்ணை நம்பி ஒருவர் சேமிக்கத் தொடங்குகிறார், பழைய காரை விற்கிறார், கடனுக்கு விண்ணப்பிக்கிறார், முன்பணம் கட்டி ஓராண்டு காத்திருக்கிறார். கார் இறங்கிய அன்று வேறொரு எண்ணைக் காட்டினால், அது அவருக்கு விலையேற்றமாகப் படாது; சொன்ன சொல் மாறியதாகவே படும். தள்ளுபடி கொடுப்பவர் சொன்னதைவிடக் குறைத்துக் கேட்கிறார். கூட்டிக் கேட்பவர் சொன்னதை மீறுகிறார். இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

ஸ்போர்ட்ஸ் கார் வாங்குபவர் யார் என்பதையும் யோசிக்க வேண்டும். ஒரு நிறுவனம் மொத்தமாக விற்கும் கார்களில் இந்த வகைக் கார்கள் மிகச் சிறு பங்கு. பெரும்பாலும் லாபத்துக்காக அவை செய்யப்படுவதில்லை. சிவிக் டைப் ஆர் ஹோண்டாவின் பொறியியலுக்குச் சாட்சி. ஜிஆர் கொரோலா, டொயோட்டா என்றால் சலிப்பூட்டும் கார் என்ற பேச்சை மாற்ற வந்த கார். ஷோரூமுக்குள் ஆளை இழுக்கவும், பிராண்டின் பேரைத் தூக்கி நிறுத்தவுமே இவை பிறக்கின்றன. இவற்றைத் தேடி வருபவர் சும்மா ஒரு வண்டி வாங்க வருபவரல்லர். எந்த ஆண்டு எந்த எஞ்சின் வந்தது என்று தெரிந்தவர். அந்த பிராண்டின் கார்களையே வழிவழியாக வாங்குபவர். அண்டை வீட்டாரும் அலுவலக நண்பர்களும் கார் வாங்கும் முன் கருத்துக் கேட்பது அவரிடம்தான். கூலி வாங்காமல் விளம்பரம் செய்யும் அப்படிப்பட்ட ஆளிடம்தான் டீலர் அதிகபட்சத் தொகையைக் கறக்கிறார். ஆளை உள்ளே இழுக்கச் செய்த கார், இருந்த ஆளையே வெளியே தள்ளும் காராக மாறிவிடுகிறது. காரை உருவாக்கியவர்கள் ஆண்டுக்கணக்கில் சம்பாதித்த நல்லெண்ணத்தை, அதில் ஒரு திருகு கூட முடுக்காதவர் ஒரு பிற்பகலில் தன் கல்லாவில் போட்டுக்கொள்கிறார்.

இந்தச் சேதம் விற்பனை நாளில் தெரியாது. ஆசை அப்போது கணக்கை மறைத்துவிடும். பிறகு ஒவ்வொன்றாக வெளிவரும். கூடுதலாகக் கொடுத்த இருபதாயிரம் டாலரால் காரில் ஒரு குதிரைச்சக்தி கூடுவதில்லை. ஆனால் அதற்கும் பல மாநிலங்களில் விற்பனை வரி உண்டு; கடன் வாங்கியிருந்தால் வட்டியும் உண்டு. விபத்தில் கார் முழுதாக அழிந்தால் வழக்கமான காப்பீடு அன்றைய சந்தை மதிப்பைத்தான் தரும். டீலருக்குக் கொடுத்த கூடுதல் தொகையைத் தராது. கடைசியில் மூன்று நான்கு ஆண்டு கழித்து அதே டீலரிடம் அந்தக் காரைக் கொடுத்து வேறு கார் எடுக்கப் போகிறார். தட்டுப்பாடு தீர்ந்திருக்கும். டீலர் ஏல விலைகளைப் பார்த்து ஒரு தொகை சொல்கிறார். தான் ஒட்டிய இரண்டாவது தாளை அவர் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை, சேர்க்கவும் முடியாது. அந்தத் தொகைக்கு ஈடாக எந்தப் பொருளும் கைமாறவில்லை என்பது அந்த மேசையில்தான் வாங்கியவருக்கு உறைக்கிறது. அடுத்த காரை அவர் எங்கே வாங்குவார் என்பதும் அங்கேயே முடிவாகிவிடுகிறது.

டீலர் தரப்பில் நியாயமே இல்லை என்று சொல்ல வரவில்லை. ஷோரூம் நிலம், கட்டடம், ஊழியர் சம்பளம், நிற்கும் கார்களுக்கு வட்டி என்று அவர் தலையில் பெருஞ்சுமை இருக்கிறது. புதிய கார் விற்பனையில் கிடைக்கும் லாபம் மெலிந்தது. ஆண்டுக்கு ஒன்றிரண்டு அபூர்வக் கார்கள் மட்டுமே ஒதுக்கப்படும் சிறு டீலருக்கு அதில் நாலு காசு பார்க்கத் தோன்றுவது மனித இயல்பு. ஆனால் இந்த வாதமே அவருக்கு எதிராகத் திரும்புகிறது. புதிய கார் விற்பனையில் லாபம் குறைவு என்றால் அவரை வாழ வைப்பது எது? சர்வீஸ், உதிரிபாகம், பழைய கார் விற்பனை, கடன் ஏற்பாடு ஆகியவைதான். இவை அனைத்தும் வாடிக்கையாளர் திரும்பி வந்தால் மட்டுமே நடக்கும் வியாபாரங்கள். எண்ணெய் மாற்றவும், பிரேக் பார்க்கவும், மனைவிக்கும் மகளுக்கும் கார் எடுக்கவும் பதினைந்து ஆண்டு வந்துபோகும் ஒரு குடும்பமே டீலரின் உண்மையான முதல். முதலைக் கரைத்து ஒரு நாள் லாபம் காட்டுவதை எந்த வியாபாரியும் கெட்டிக்காரத்தனம் என்று சொல்ல மாட்டார். அமெரிக்காவிலேயே பல பெரிய கார்வெட் டீலர்கள் பரிந்துரை விலைக்கு மேல் ஒரு டாலரும் வாங்குவதில்லை என்று அறிவித்து, காத்திருப்போர் பட்டியலை வரிசை பிசகாமல் நடத்துகிறார்கள். தொலைவிலுள்ள மாநிலங்களிலிருந்தும் அவர்களிடம் ஆள் வருகிறது. அதிக எண்ணிக்கையில் விற்பவருக்கு ஆலையின் ஒதுக்கீடும் கூடுதலாகக் கிடைக்கிறது. நேர்மைக்கு வியாபாரத்தில் கூலி உண்டு என்பதற்கு அவர்களே ஆதாரம்.

அடுத்த ஆட்சேபம் இன்னும் கூர்மையானது. டீலர் பரிந்துரை விலைக்கே விற்றால், வாங்கியவர் மறுநாளே அதை இருமடங்குக்கு விற்றுவிடுவார். யாரோ ஒருவர் எடுக்கப்போகும் லாபத்தை டீலர் எடுத்தால் என்ன தவறு? உண்மையில் அப்படி வாங்கி விற்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர்களை அடக்க டீலர் லாபம் அடிப்பது மட்டுமே வழி என்பது சரியல்ல. ஃபோர்டு ஜிடி காரை வாங்கியவர்கள் இரண்டு ஆண்டு விற்கக் கூடாது என்று ஒப்பந்தம் போட்டது ஃபோர்டு. அதை மீறியதாக மல்யுத்த வீரரும் நடிகருமான ஜான் சீனா மீது 2017-இல் வழக்குத் தொடர்ந்தது. அடுத்த ஆண்டு சமரசம் ஏற்பட்டு, கிடைத்த தொகை அறப்பணிக்குப் போனது. கார்வெட் இசட்06 வாங்கி ஓராண்டு வைத்திருப்பவர்களுக்கு 5,000 டாலர் மதிப்புள்ள புள்ளிகளைத் தருவதாக 2022-இல் ஜெனரல் மோட்டார்ஸ் அறிவித்தது. ஓராண்டுக்குள் விற்றால் உத்தரவாதத்தின் சில பகுதிகள் அடுத்தவருக்குப் போகாது என்றும் சொன்னது. 1,963 கார்கள் மட்டுமே என்று 2023-இல் அறிமுகமான போர்ஷே 911 எஸ்/டி-யை அமெரிக்காவில் முதல் ஓராண்டு குத்தகையாக எடுத்து, அதன் பின்பே சொந்தமாக்கிக்கொள்ள முடியும் என்று அந்த நிறுவனம் விதித்தது. இந்த வழிகள் ஓட்ட விரும்புபவரையும் விற்க விரும்புபவரையும் பிரிக்கின்றன. இரண்டாவது தாளோ பணம் இருப்பவரையும் இல்லாதவரையும் மட்டுமே பிரிக்கிறது.

அப்படியானால் தயாரிப்பாளரே விலையை உயர்த்திவிடலாமே என்று கேட்கலாம். உயர்த்தட்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. அறிமுக நாளிலேயே கூடுதல் விலை சொன்னால் அது எல்லோருக்கும் தெரிந்த விலை. முடியாதவர் அன்றே விலகிக்கொள்வார், முடிந்தவர் அதற்கேற்பத் திட்டமிடுவார். அந்த வருமானம் அடுத்த நல்ல காரை வடிவமைக்கும் பொறியாளர்களிடம் போகும். நான் எதிர்ப்பது உயர்ந்த விலையை அல்ல. குறைந்த விலையைக் காட்டி அழைத்துவந்து, வாசலில் நிறுத்தி உயர்ந்த விலையைக் கேட்பதை. அதே காரணத்தால் விசுவாசத்தின் பெயரால் நடக்கும் இன்னொரு பழக்கத்தையும் ஏற்க முடியாது. அபூர்வமான ஒரு கார் வேண்டுமென்றால் முதலில் வேண்டாத இரண்டு மூன்று கார்களை வாங்கியிருக்க வேண்டும் என்று சில உயர்விலை ஷோரூம்களில் நிலவும் எழுதாத விதி அது. பழைய வாடிக்கையாளருக்கு முன்னுரிமை தருவது முறைதான். வேண்டாததைத் தலையில் கட்டி அதற்கு விசுவாசம் என்று பெயரிடுவது, மறைத்து வாங்கும் கூடுதல் தொகையே.

சட்டம் தடுக்கவில்லையா என்றால், அங்கே ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. அமெரிக்காவின் பல மாநிலங்களில் கார் நிறுவனங்கள் நேரடியாக மக்களுக்கு விற்க முடியாது. டீலர் வழியாகத்தான் விற்க வேண்டும். ஒரு காலத்தில் நிறுவனங்களின் ஆதிக்கத்திலிருந்து சிறு டீலர்களைக் காக்க வந்த சட்டங்கள் இன்று டீலரைத் தட்டிக்கேட்க முடியாதபடி நிறுவனத்தின் கையைக் கட்டுகின்றன. தயாரிப்பாளர் விலைக்கு உச்சவரம்பு விதிப்பதே குற்றம் என்று 1968-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 1997-இல் அதே நீதிமன்றம் ஒருமனதாக அந்தத் தீர்ப்பை மாற்றியது. உச்சவரம்பு நுகர்வோருக்கு நன்மை செய்யக்கூடும், ஒவ்வொரு வழக்காக எடைபோட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும் என்றது. ஆக, கூட்டாட்சிச் சட்டத்தின் கதவு திறந்தே இருக்கிறது. மாநிலச் சட்டங்கள்தான் இன்னும் அசையவில்லை. கார் விற்பனையில் முழு விலையையும் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்று கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2023 டிசம்பரில் வகுத்த விதியும், உரிய நடைமுறையைப் பின்பற்றவில்லை என்ற காரணத்தால் 2025 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் ரத்தாகிவிட்டது. இதனால் சட்டத்துக்காகக் காத்திருப்பதில் பயனில்லை. நிறுவனங்களிடம் இன்றே இருக்கும் ஆயுதம் ஒதுக்கீடு. 2017-இல் டாட்ஜ் நிறுவனம் 3,300 டீமன் கார்களை விற்பனைக்கு அறிவித்தபோது, பரிந்துரை விலையிலோ அதற்குக் கீழோ வந்த ஆர்டர்களுக்கே முதலில் கார் கட்டித் தருவோம் என்றது. 2022-இல் ஃபோர்டின் தலைவர் ஜிம் ஃபார்லி, கூடுதல் விலைக்கு விற்கும் டீலர்கள் யார் யார் என்பது தெரியும், அவர்களுக்கு இனி வரும் ஒதுக்கீடு அதனால் பாதிக்கப்படும் என்று வெளிப்படையாக எச்சரித்தார். ஜெனரல் மோட்டார்ஸும் அதே ஆண்டு டீலர்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. எச்சரிக்கை இடைவிடாத நடைமுறையாக மாறவில்லை என்பதே குறை.

பணக்காரர் விளையாட்டுப் பொருளுக்கு இவ்வளவு கவலை எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. மியாட்டாவையும் சிவிக்கையும் கொரோலாவையும் வாங்குபவர்கள் கோடீஸ்வரர்கள் அல்லர். ஆசைப்பட்ட ஒன்றுக்காகப் பல ஆண்டு சேமித்தவர்கள். அதைவிட முக்கியம், விருப்பக் காரில் பழகிய கை தேவைக் காரிலும் நீளும் என்பதை 2022-இன் அந்த 82.2 விழுக்காடு காட்டிவிட்டது. பள்ளிக்கும் வேலைக்கும் போக வேறு வழியில்லாத நாட்டில் கார் என்பது வீட்டுக்கு அடுத்த பெருஞ்செலவு. அங்கே விலைத்தாள் பொருளிழந்தால் நட்டப்படுவது எளிய குடும்பமே. ஆகவே செய்ய வேண்டியவை தெளிவாக இருக்கின்றன. முன்பணம் வாங்கும் நாளிலேயே இறுதி விலையை எழுத்தில் தர வேண்டும். ஒவ்வொரு டீலரும் எந்த விலைக்கு விற்றார் என்ற பதிவைக் கொண்டே அடுத்த ஆண்டின் அபூர்வக் கார்களை ஒதுக்க வேண்டும். வாங்கிய உடனே விற்பவரைக் குத்தகை, உத்தரவாத நிபந்தனைகளால் தடுக்க வேண்டும். 1997-இன் தீர்ப்பு அனுமதித்ததை மாநிலச் சட்டங்களும் அனுமதிக்க வேண்டும்.

மன்ரோனியின் சட்டத்தில் ஒரு விதி உண்டு. அந்த விலைத்தாளை, கார் வாங்குபவரின் கைக்கு வரும்வரை வேறு யாரும் கிழிக்கக் கூடாது. ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியவர்கள் பலர் அதைக் கிழித்துப் போடுவதும் இல்லை. பக்குவமாக எடுத்து, மடித்து, காரின் ஆவணங்களோடு வைத்துக்கொள்கிறார்கள். முப்பது ஆண்டு கழித்து அந்தக் காரை ஒருவர் வாங்க வந்தால் முதலில் கேட்பவற்றில் அந்தத் தாளும் ஒன்று. டீலர் ஒட்டிய இரண்டாவது தாளை யாரும் பாதுகாப்பதில்லை, யாரும் கேட்பதுமில்லை. ஆனால் அதற்குக் கொடுத்த தொகையை மட்டும் கொடுத்தவர் மறப்பதில்லை. முதல் தாளில் இருந்த எண்ணும் தன் கையால் எழுதிக் கொடுத்த காசோலையின் எண்ணும் ஒன்றாக இருந்தவர், அடுத்த காருக்கும் அதே ஷோரூமின் கதவைத் திறப்பார்.